குழந்தைத் தள்ளுவண்டி: தாயை நோக்கியதா, சாலையை நோக்கியதா?

பெங்களூரு நகரத்தின் லால்பாக் தோட்டத்திலோ கப்பன் பூங்காவிலோ காலை வேளையில் உலவுவோர், கைக்குழந்தைகளைச் சிறு வண்டிகளில் அமர்த்தித் தள்ளிச் செல்லும் பெற்றோரை இக்காலத்தில் அடிக்கடி காண்கின்றனர். இவ்வண்டிகளைச் சற்று உற்று நோக்கினால் அவை இருவகைப்படும் என்பது விளங்கும். சிலவற்றில் குழந்தை, வண்டியைத் தள்ளுபவரின் முகத்தைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கிறது. வேறு சிலவற்றில் தள்ளுபவர்க்கு முதுகைக் காட்டி, எதிரே வரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வண்டி வாங்கச் செல்லும் குடும்பத்தார் பெரும்பாலும் விலை, நிறம், மடிக்கும் வசதி ஆகியவற்றையே ஆராய்கின்றனர். குழந்தையின் முகம் எத்திசையில் இருத்தல் வேண்டும் என்னும் வினா எழுவதில்லை. எழுந்தாலும் அதற்கு விடை கூறுவார் இல்லை.

அங்கன்வாடிப் பணியாளரிடமும், சுகாதாரப் பணியாளரிடமும், பள்ளி ஆசிரியரிடமும் தாய்மார்கள் இத்தகைய ஐயங்களைக் கேட்பது இயல்பு. அவர்களுக்குக் காரணத்தோடு விடை கூறுவதற்கு வேண்டிய செய்திகள் இக்கட்டுரையில் தொகுத்துத் தரப்படுகின்றன. வசதி கருதி, தள்ளுபவரை நோக்கிய வண்டி ‘தாய்முக வண்டி’ என்றும், முன்னே நோக்கிய வண்டி ‘சாலைமுக வண்டி’ என்றும் இங்குக் குறிக்கப்படும். தள்ளுபவர் தந்தையாகவோ, பாட்டியாகவோ, ஆயாவாகவோ இருப்பினும் இப்பெயர் பொருந்தும்.

வண்டியின் வரலாறு

குழந்தைகளுக்கென வண்டி செய்யும் வழக்கம் ஐரோப்பாவில் செல்வர் வீட்டு விளையாட்டாகத் தொடங்கியது. 1733-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர் வில்லியம் கென்ட் என்பவர் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு வண்டியை அமைத்தார். அதனை இழுத்தது ஆடு போன்றதொரு சிறு விலங்கு. மனிதர் பின்னின்று தள்ளும் கைப்பிடி பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. இழுக்கும் வண்டி தள்ளும் வண்டியாக மாறியதும், குழந்தை எப்பக்கம் பார்த்திருத்தல் வேண்டும் என்னும் வினாவும் உடன் பிறந்தது எனலாம்.

இவ்வினாவுக்கு முதன்முதல் பொறியியல் விடை கண்டவர்களுள் அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரத்து வில்லியம் ரிச்சர்ட்சன் குறிப்பிடத்தக்கவர். அவர் 1889-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் பெற்ற காப்புரிமையின்படி, குழந்தை படுக்கும் கூடையை ஒரு சிறப்பு மூட்டின்மேல் திருப்பி, தாயை நோக்கியோ சாலையை நோக்கியோ வைக்கலாம். இன்று ‘இருபுற இருக்கை’ என்று விளம்பரம் செய்யப்படும் வசதியின் கருத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழையது என்பது இதனால் புலனாகிறது.

சாலைமுக வண்டி பெருகியதற்குக் காரணம் குழந்தை நலம் பற்றிய ஆராய்ச்சி அன்று, மடிக்கும் வசதியே. இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவன் மக்ளாரன் விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர். மடங்கி ஒடுங்கும் அவ்வமைப்பைப் பற்றிய அறிவைப் பயன்படுத்தி, 1965-இல் அலுமினியக் குழாய்களால், குடையைப் போல மடியும் ஒரு வண்டியை அவர் வடிவமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 6 பவுண்டு, அதாவது 3 கிலோகிராமுக்கும் குறைவு. பேருந்தில் ஏறும் தாய் ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் மடித்த வண்டியையும் ஏந்திச் செல்ல முடிந்தது. இத்தகைய எளிய சட்டத்தில் துணி இருக்கையை முன்னோக்கி அமைப்பதே சுலபம். இவ்வாறு, பொறியின் வசதி குழந்தையின் பார்வைத் திசையை முடிவு செய்துவிட்டது.

முகம் என்னும் முதற்பாடம்

பிறந்த குழந்தையின் கண் ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள பொருளையே ஒருவாறு தெளிவாகக் காணும். பால் கொடுக்கும் தாயின் முகம் இருக்கும் தொலைவும் அதுவே. சில மாதங்களில் பார்வை விரிகிறது. ஆயினும் முகத்தின்மீது குழந்தைக்குள்ள நாட்டம் குறைவதில்லை.

தாயின் முகம் குழந்தைக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அமெரிக்க உளநூலறிஞர் எட்வர்ட் டிரானிக்கும் அவருடைய குழுவினரும் 1970-களில் ஒரு சோதனையால் காட்டினர். தாய் முதலில் குழந்தையுடன் வழக்கம்போல் கொஞ்சிப் பேசுகிறாள். பின்னர்ச் சில நிமிடங்கள் முகத்தில் எவ்விதச் சலனமும் இன்றிக் குழந்தையை நோக்குகிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. பதில் வாராமை கண்டு இறுதியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உரையாடல் என்பது சொல் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதற்கு இது சான்று.

ஓராண்டு நிரம்பும் வேளையில் முகம் மற்றொரு பயனையும் தருகிறது. புதிய பொருளைக் கண்டு அஞ்சுவதா, அணுகுவதா என்று தெரியாத குழந்தை தாயின் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. 1985-இல் ஜேம்ஸ் சோர்ஸ் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு மாதக் குழந்தைகள் கண்ணாடி பதித்த மேசையொன்றின்மீது தவழ விடப்பட்டனர். மேசையின் நடுவே சிறு பள்ளம் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் கண்ணாடி அதனை மூடியிருக்கும். எதிர்ப்புறம் நின்ற தாய் மகிழ்ச்சி முகம் காட்டியபோது 19 குழந்தைகளுள் 14 குழந்தைகள் பள்ளத்தைக் கடந்தன. அச்சம் காட்டியபோது 17 குழந்தைகளுள் ஒன்றேனும் கடக்கவில்லை.

இச்சோதனையைப் பெங்களூருச் சாலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். சிவாஜிநகரக் கடைவீதியில் திடீரென ஒரு பேருந்து ஒலி எழுப்புகிறது. தெருநாய் ஒன்று குரைத்துக்கொண்டு வருகிறது. தாய்முக வண்டியிலுள்ள குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறது. அங்கே அமைதி கண்டு தானும் அமைதி அடைகிறது. சாலைமுக வண்டியிலுள்ள குழந்தைக்கு அவ்வாறு பார்ப்பதற்கு வழியில்லை. திரும்பிப் பார்க்க முயன்றாலும் இருக்கையின் முதுகே கண்ணில் படும்.

மொழி கற்றலுக்கும் இஃது ஒக்கும். பெங்களூருக் குழந்தையின் காதில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் நாள்தோறும் விழுகின்றன. ஆனால் காதில் விழுவது வேறு, குழந்தையை நோக்கிப் பேசுவது வேறு. 2003-இல் பட்ரிஷியா குல் என்னும் அறிஞரின் குழுவினர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி பேசுவோருடன் 12 முறை பழக விட்டனர். நேரில் பழகிய குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளை உணரக் கற்றன. அதே பேச்சைத் தொலைக்காட்சி வாயிலாகவோ ஒலிப்பதிவு வாயிலாகவோ கேட்ட குழந்தைகள் அவ்வாறு கற்கவில்லை. பேசுபவர் குழந்தையின் எதிரே இருந்து, அதன் பார்வைக்கும் குரலுக்கும் பதில் அளிக்கும்போதே பேச்சு பாடமாகிறது என்பது இதன் கருத்து.

டண்டீ நகரத்து ஆராய்ச்சி

தள்ளுவண்டியையே நேராக ஆராய்ந்தவர் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் ஸீடிக். பிரிட்டனின் தேசிய எழுத்தறிவு அறக்கட்டளையின் சார்பில் 2008-இல் வெளியான அவரது ஆய்வு இரு பகுதிகளைக் கொண்டது.

முதற்பகுதியில், பிரிட்டனின் 50-க்கும் மேற்பட்ட இடங்களில் 2,722 பெற்றோர்–குழந்தை இணைகள் தெருவில் செல்லும்போது கவனிக்கப்பட்டனர். அவர்களுள் 62 விழுக்காட்டுக் குழந்தைகள் சாலைமுக வண்டிகளில் இருந்தன. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளுள் இவ்விகிதம் 86 ஆக உயர்ந்தது. தாய்முக வண்டி தள்ளியவர்களுள் 25 விழுக்காட்டினர் குழந்தையுடன் பேசிக்கொண்டிருந்தனர். சாலைமுக வண்டி தள்ளியவர்களுள் பேசியவர் 11 விழுக்காட்டினரே.

இக்கணக்கை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் பிழை. பேச்சில் ஆர்வமுள்ள பெற்றோர் தாமே தாய்முக வண்டியைத் தேடி வாங்கியிருக்கக்கூடும். அவ்வாறாயின் பேச்சுக்குக் காரணம் வண்டியன்று. பெற்றோரின் இயல்பே ஆகும். இவ்வையத்தைத் தீர்ப்பதற்கென்றே இரண்டாம் பகுதி நடத்தப்பட்டது. 9 முதல் 24 மாத வயதுடைய 20 குழந்தைகளின் தாய்மார்கள் டண்டீ நகரில் ஒரு மைல் தூரம் வண்டி தள்ளினர். பாதித் தூரம் குழந்தை தாயை நோக்கியும், பாதித் தூரம் சாலையை நோக்கியும் அமர்த்தப்பட்டது. தாயும் ஒருவரே, குழந்தையும் ஒன்றே, திசை மட்டும் வேறு. தாய்முகமாக இருந்தபோது தாயின் பேச்சு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. குழந்தையின் சராசரி இதயத் துடிப்பு சிறிதளவு தணிந்தது. உறங்கிவிடும் வாய்ப்பும் இரு மடங்காயிற்று. தாய்முகமாகச் செல்கையில் பாதிக் குழந்தைகள் சிரித்தன. சாலைமுகமாகச் செல்கையில் சிரித்தது ஒரே ஒரு குழந்தை.

ஆசிரியர்கள் இவ்வாய்வை மாணவர்க்கு எடுத்துக்கூறும்போது அதன் எல்லையையும் கூறுதல் வேண்டும். இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சோதனை நடந்தது குளிர்நாட்டின் ஒரு நகரத்தில். இதயத் துடிப்பின் மாறுதலும் மிகச் சிறியது. சாலைமுக வண்டியில் சென்ற குழந்தை பிற்காலத்தில் பேச்சில் பின்தங்கும் என்று இவ்வாய்வு நிறுவவில்லை. ஒரு பயணத்தின்போது நிகழ்வதை மட்டுமே அது காட்டுகிறது. அத்தகைய பயணங்கள் நாள்தோறும் நிகழ்வன என்பதே அதன் முக்கியத்துவம்.

சாலைமுக வண்டியின் பக்கத்து நியாயம்

மறுபக்கத்தையும் நோக்குதல் முறை. ஓராண்டு கடந்த குழந்தைக்கு உலகம் முழுவதும் வியப்பு. பசு, பூக்காரி, ஆட்டோ ரிக்‌ஷா, மெட்ரோ இரயில் ஆகிய அனைத்தையும் அது விரல் நீட்டிக் காட்ட விரும்பும். ஏறத்தாழ ஓராண்டு வயதில் தோன்றும் இச்சுட்டும் பழக்கம் மொழி வளர்ச்சியின் ஒரு படியாகும். ஒரே பொருளைத் தாயும் சேயும் சேர்ந்து நோக்கி, தாய் அதன் பெயரைச் சொல்லும்போது சொல்லும் பொருளும் இணைகின்றன. சாலைமுக வண்டியில் இருவரும் ஒரே திசையைப் பார்க்கின்றனர் என்பது ஒரு நன்மையே. ஆயினும் குழந்தை எதனைப் பார்க்கிறது என்பது தாய்க்குத் தெரிவதில்லை. அதன் தலையின் உச்சி மட்டுமே அவள் கண்ணுக்குத் தென்படும். ஆகவே, இந்நன்மை கைகூடுவதற்குத் தாய் அடிக்கடி நின்று, முன்னே வந்து குனிந்து, குழந்தை காட்டும் பொருளுக்குப் பெயர் சொல்லுதல் வேண்டும்.

எடை, விலை, மடிக்கும் எளிமை ஆகியவற்றிலும் சாலைமுக வண்டி பொதுவாக மேம்பட்டது. மூன்றாம் மாடியில் மின்தூக்கி இல்லாத வீட்டில் குடியிருக்கும் தாய்க்கு இவை சிறிய செய்திகள் அல்ல.

சக்கரமும் நடைபாதையும்

பெங்களூருவில் வண்டியின் பயனை முடிவு செய்வது பெரும்பாலும் நடைபாதையே. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நடைபாதையில் தடையின்றி நடக்கும் அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது. விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகலாகாது. ரெசிடென்சி சாலை போன்ற சில சாலைகளில் அகன்ற நடைபாதைகள் புதிதாக அமைக்கப்பட்டுள்ளன. வேறு பல தெருக்களில் பெயர்ந்த கற்பலகைகளும், மின்மாற்றிகளும், நிறுத்தப்பட்ட இருசக்கர வாகனங்களும் வழியை மறிக்கின்றன. 2018-இல் புதுப்பிக்கப்பட்ட சர்ச் தெருவில் சிறு கருங்கற்கள் பாவப்பட்டுள்ளன. நடப்பதற்கு அழகிய தெருவாயினும், சிறு சக்கர வண்டி அங்கு அதிர்ந்தே செல்லும்.

ஒரு சக்கரம் தடையை ஏறுவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதை உயர்நிலைப் பள்ளி மாணவரும் கணக்கிடலாம். தடையின் உயரம் 2 சென்டிமீட்டர் என்று கொள்க. சக்கரத்தின் ஆரம் 7.5 சென்டிமீட்டராயின், அச்சின் வழியாகக் கிடையாகத் தள்ள வேண்டிய விசை, அச்சக்கரம் தாங்கும் எடையில் ஏறத்தாழ 0.93 பங்கு. ஆரம் 15 சென்டிமீட்டராயின் அது 0.58 பங்காகக் குறைகிறது. முன்சக்கரங்கள் 6 கிலோகிராம் சுமை தாங்குமாயின், சிறு சக்கரத்துக்கு ஏறத்தாழ 5.6 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையும், பெருஞ்சக்கரத்துக்கு 3.5 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையும் தேவை. தடையின் உயரம் ஆரத்துக்குச் சமமானாலும் மிகுந்தாலும், எவ்வளவு தள்ளியும் சக்கரம் ஏறாது. ஆகவே 150 மில்லிமீட்டர் விளிம்புக் கல்லின் எதிரே, கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்குவதே வழி. அப்போது வண்டி ஒரு நெம்புகோல். பின்னச்சு அதன் சுழலிடம்.

இங்கு முகத்தின் திசையும் கணக்கில் சேர்கிறது. இருக்கையைச் சாய்த்தால் குழந்தையின் தலையும் உடலும் சாயும் பக்கத்துக்கு எடை நகரும். தாய்முக வண்டியில் குழந்தையின் முதுகு முன்பக்கம் இருப்பதால், சாய்க்குந்தோறும் எடை முன்சக்கரத்தை நோக்கிச் செல்கிறது. தடை ஏறுதல் சற்றுக் கடினமாகிறது. சாலைமுக வண்டியில் சாய்க்குந்தோறும் எடை பின்னச்சை நோக்கி வருகிறது. முன்சக்கரத்தைத் தூக்குதல் எளிதாகிறது. ஆனால் வண்டி பின்புறம் கவிழும் வாய்ப்பும் கூடுகிறது.

கவிழ்தலைப் பற்றி ஒரு கணக்கு. வண்டியின் எடை 7 கிலோகிராம், குழந்தையின் எடை 9 கிலோகிராம், இரண்டின் பொது எடை மையம் பின்னச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னே, கைப்பிடி 30 சென்டிமீட்டர் பின்னே என்று கொள்க. கைப்பிடியில் தொங்கவிடும் பை 10.7 கிலோகிராமை எட்டும்போது வண்டி கவிழும் நிலைக்கு வரும். குழந்தையைத் தூக்கிவிட்டால், எடை மையம் அதே இடத்தில் இருப்பதாகக் கொண்டாலும், 4.7 கிலோகிராம் பையே வண்டியைக் கவிழ்த்துவிடும். காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டாமல், இருக்கைக்கு அடியிலுள்ள கூடையில் வைத்தல் வேண்டும் என்று கூறப்படுவதன் காரணம் இதுவே.

புகையும் வெயிலும்

வண்டியிலுள்ள குழந்தை மூச்சு விடும் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ 0.55 முதல் 0.85 மீட்டர். வாகனங்களின் புகைக்குழாயும் அவ்வுயரத்துக்கு அருகிலேயே உள்ளது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் தலைமையில் 2018-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, வண்டிக் குழந்தைகள் பெரியவர்களைக் காட்டிலும் 60 விழுக்காடு வரை மிகுதியான மாசினை எதிர்கொள்ளக்கூடும் என்று மதிப்பிட்டது. திசையைத் திருப்புவதால் மட்டும் காற்று தூயதாகிவிடாது. வாகன நெரிசல் மிக்க பெருஞ்சாலையை விடுத்து உட்தெரு வழியாகச் செல்லுதல், சந்திப்பில் காத்திருக்கும்போது வண்டியைச் சாலை விளிம்பிலிருந்து பின்னுக்கு இழுத்து நிறுத்துதல் ஆகியவையே பயன் தரும்.

புழுதிக்கும் வெயிலுக்கும் அஞ்சி வண்டியைத் துணியால் மூடுவோர் உண்டு. இது தீங்காக முடியலாம். சிட்னி பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட சோதனையில், உலர்ந்த மெல்லிய மஸ்லின் துணியால் மூடிய வண்டியின் உள்வெப்பம் வெளிவெப்பத்தைவிட 2.6 பாகை செல்சியஸ் உயர்ந்தது. நனைத்த மஸ்லின் துணியும் சிறு மின்விசிறியும் சேர்ந்தபோது 4.7 பாகை தணிந்தது. பெங்களூரு குளிர்ந்த நகரம் என்னும் எண்ணத்தால் இதனைப் புறக்கணித்தல் ஆகாது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் அந்நகரில் 39.2 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. வண்டியின் மேற்கவிகையே போதுமான நிழல் தரும், காற்றோட்டம் தடைபடலாகாது.

இவ்விடத்தில் தாய்முக வண்டியின் பெரும் பயன் வெளிப்படுகிறது. முகம் சிவத்தல், வியர்த்தல், கக்குதல், உறக்கத்தில் தலை முன்சாய்ந்து மோவாய் மார்பில் அழுந்துதல் ஆகிய எச்சரிக்கைக் குறிகள் அனைத்தும் முகத்திலேயே தோன்றுகின்றன. முகத்தைக் காணும் தாய் உடனே அறிகிறாள். சாலைமுக வண்டியைத் தள்ளுபவர் நின்று பார்த்தாலன்றி அறிய இயலாது. வெயிலும் புழுதியும் நெரிசலும் மிகுந்த நகரத்தில், சிறு குழந்தைக்குத் தாய்முக வண்டியே தக்கது என்பதற்கு இஃது ஒன்றே போதிய காரணம் எனலாம்.

வயதுக்கேற்ற தேர்வு

தலை நிற்காத, தானே உட்கார இயலாத குழந்தைக்கு நிமிர்ந்த இருக்கை தகாது. ஏறத்தாழ ஆறு மாதம் வரை தட்டையாகப் படுக்கும் வண்டியே வேண்டும். அதுவும் தாயை நோக்கியே இருத்தல் நலம். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, உட்காரக் கற்ற குழந்தைக்கும் தாய்முக இருக்கையே சிறந்தது. முகம் பார்த்துப் பழகும் பருவம் அது. ஓராண்டுக்குப் பின் இரண்டும் பொருந்தும். பூங்காவில் சாலைமுகமாகவும், நெரிசலான தெருவிலும் உறங்கும் வேளையிலும் தாய்முகமாகவும் வைத்தல் நன்று. திருப்பக்கூடிய இருக்கை கிடைக்குமாயின், ஒரே வண்டி எல்லாப் பருவத்துக்கும் உதவும்.

திருப்பும் அமைப்பிலும் இருவகை உண்டு. சிலவற்றில் இருக்கையைக் கழற்றித் திருப்பி மாட்டலாம். சிலவற்றில் கைப்பிடி மட்டும் மறுபுறம் சாய்கிறது. பின்னதில், சுழலும் சக்கரங்கள் தள்ளுபவரின் பக்கம் வந்துவிடுவதால் வண்டியைத் திருப்புதல் கடினமாகலாம். கடையிலேயே இரு நிலையிலும் தள்ளிப் பார்த்தே வாங்குதல் வேண்டும். தோள், இடுப்பு, கால் நடுவு ஆகியவற்றைப் பிணைக்கும் ஐந்து முனை வார், உறுதியான பிரேக், மடிப்பைப் பூட்டும் கொக்கி ஆகியவை எவ்வண்டிக்கும் இன்றியமையாதவை.

எத்திசை வண்டியாயினும் குழந்தையை நெடுநேரம் அதில் கட்டி வைத்தல் தகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் அசைய முடியாதபடி பிணைக்கப்பட்டிருத்தல் ஆகாது என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. தரையில் தவழவும் நடக்கவும் வாய்ப்பளித்தலே உடல் வளர்ச்சிக்கு வழி.

வண்டியில்லாத வீடு

நம் நாட்டில் பெரும்பான்மையான குழந்தைகள் தள்ளுவண்டியைக் கண்டதில்லை. அவை தாயின் இடுப்பிலும், தந்தையின் தோளிலும், பாட்டியின் மடியிலும் வளர்கின்றன. இதனைக் குறையாகக் கருதும் தாய்மார்கள் இன்று சிலர் உளர். அவர்களுக்குக் களப்பணியாளர் தெளிவாகக் கூறவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இடுப்பில் இருக்கும் குழந்தை தாயின் முகத்தையும் பார்க்கிறது. சற்றே தலையைத் திருப்பிச் சாலையையும் பார்க்கிறது. பொறியாளர்கள் திருப்பு இருக்கையால் அடைய முயலும் பயனை இடுப்பு இயல்பாகவே தருகிறது. அதன் மூச்சும் புகைக்குழாயின் உயரத்துக்கு மேலே உள்ளது.

தூக்கி நடப்பதன் நன்மைக்கும் ஆராய்ச்சிச் சான்று உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹன்ஸிக்கர், பார் ஆகிய இருவர் 99 தாய்–சேய் இணைகளைக் கொண்டு நடத்தி 1986-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கத்தைவிட மிகுதியாகத் தூக்கி வைக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 விழுக்காடு குறைவாக அழுதன. தாய் தூக்கிக்கொண்டு நடக்கையில் குழந்தையின் இதயத் துடிப்பு தணிவதை ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தார் 2013-இல் அளந்து காட்டினர். தூக்கிப் பழகினால் குழந்தை கெட்டுவிடும் என்னும் அச்சத்துக்கு இடமில்லை.

ஆயினும் தாயின் முதுகும் கருதத்தக்கதே. அறுவைச் சிகிச்சையால் குழந்தை பெற்றவர், இரட்டைக் குழந்தையின் தாய், மூட்டுவலியுள்ள பாட்டி ஆகியோர்க்கு வண்டி பேருதவி. வண்டி வாங்குவதும் வாங்காமையும் குடும்பத்தின் நிலையைப் பொறுத்தது. அதில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை.

ஏற்கெனவே சாலைமுக வண்டி வாங்கிவிட்டவர்களை வருந்தச் செய்தலும் தவறு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று முன்னே வந்து முகம் காட்டுதல், நடக்கும்போதே கண்டவற்றைக் குரலெடுத்துச் சொல்லுதல், குழந்தையின் ஒலிக்கு மறுமொழி கூறுதல் ஆகியவற்றால் குறை பெரிதும் நீங்கும். மறுபுறம், தாய்முக வண்டியைத் தள்ளிக்கொண்டு கைப்பேசியிலேயே கண்ணாக இருப்பவரிடமிருந்து குழந்தை எதனையும் பெறாது. அதற்குத் தெரிவது பேசாத முகமே. திசை ஒரு வாய்ப்பைத் தருகிறது. அவ்வாய்ப்பைப் பயனாக்குவது பெற்றோரின் செயல்.

செயல்முறை

ஆசிரியர்கள் உயர்நிலை வகுப்பு மாணவரைக் கொண்டு பின்வரும் பயிற்சியை நடத்தலாம். பூங்காவின் ஓரிடத்தில் அரைமணி நேரம் அமர்ந்து, கடந்து செல்லும் குழந்தைகளை மூன்று வரிசைகளில் குறிக்கச் செய்க: இடுப்பில் அல்லது தோளில் இருப்பவை, தாய்முக வண்டியில் இருப்பவை, சாலைமுக வண்டியில் இருப்பவை. ஒவ்வொன்றின் எதிரிலும், கடக்கும் அவ்வேளையில் பெரியவர் குழந்தையுடன் பேசினாரா என்பதை ‘ஆம்’, ‘இல்லை’ எனக் குறிக்கச் செய்க. பெயர் கேட்டலும் படம் எடுத்தலும் கூடாது. பின்னர் விழுக்காடு கணக்கிட்டு, இவ்வேறுபாட்டுக்கு வண்டி தவிர வேறு காரணங்கள் இருக்கக்கூடுமா என்று விவாதிக்கச் செய்க. விஞ்ஞான மனப்பான்மை அவ்விவாதத்திலேதான் வளரும்.

களப்பணியாளர்கள் தாய்மார் கூட்டத்தில் ஒரு வெற்று வண்டியைக் கொண்டு, குனிந்து குழந்தையின் கண் உயரத்தில் தலையை வைத்துப் பார்க்கும்படி ஒவ்வொருவரையும் கேட்கலாம். கால்களும் சக்கரங்களும் புகைக்குழாய்களும் நிறைந்த அவ்வுலகைக் கண்டபின், குழந்தை எதற்காகத் தாயின் முகத்தைத் தேடுகிறது என்பதை விளக்க வேண்டியிராது.

பயிற்சி வினாக்கள்

1. சாலைமுக வண்டி பரவியதற்குரிய பொறியியல் காரணம் யாது?

2. டண்டீ ஆராய்ச்சியின் முதற்பகுதி மட்டும் முடிவு கூறப் போதாது, ஏன்? இரண்டாம் பகுதி அக்குறையை எவ்வாறு நீக்குகிறது?

3. ஆரம் 10 சென்டிமீட்டர் உள்ள சக்கரம் 2 சென்டிமீட்டர் தடையை ஏற, அது தாங்கும் எடையில் எத்தனை பங்கு விசை வேண்டும்? (விடை: 0.75 பங்கு.)

4. எட்டு மாதக் குழந்தையின் தாய் ஒருவர், பெருஞ்சாலை ஓரமாக நாள்தோறும் அரைமணி நேரம் வண்டி தள்ளிச் செல்கிறார். திசை, வழி, வெயில் ஆகிய மூன்றைப் பற்றியும் அவருக்குக் கூறத்தக்க அறிவுரைகளைக் காரணத்துடன் எழுதுக.